எழும்பூர் கென்னத் லேனில் வேலையாக வருபவர்களுக்கு ஒரு ஓட்டல்

பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து விடியற்காலையில் எழும்பூரில் இறங்கும் என்னைப் போன்ற விற்பனைப் பிரதிநிதிக்கு இந்த ஓட்டலில் பிடித்ததே 24 மணி நேரக் கணக்குதான். காலை ஐந்தரைக்கு அறை எடுத்தால் மறுநாள் ஐந்தரை வரை நம்முடையது. மதியம் 12 மணிக்குக் கதவைத் தட்டும் தொல்லை இல்லை.

அறை சின்னது. ஆனால் மேசையில் லேப்டாப், ஆர்டர் புத்தகம், டிபன் தட்டு மூன்றும் தாராளமாக அடங்கும். தலைமாட்டிலேயே பிளக் பாயிண்ட். சார்ஜர் வயர் எட்டாமல் போனைத் தரையில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதில்லை. வெந்நீர் காலையில் மட்டும். முதல் வாளி பச்சைத் தண்ணீராகத்தான் வரும், பிடித்துக் கொட்டிவிடுங்கள். தெருப்பக்க அறை வேண்டவே வேண்டாம், ஆட்டோ ஹாரன் ராத்திரி முழுக்க. வைஃபை சுமார்.

அப்புறம், பில்லைப் பாருங்கள். ஆயிரத்துக்கு மேல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு முன்பு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். எனக்குப் பழைய கணக்கிலேயே நீட்டினார்கள். சொன்னதும், “சாரி சார், சிஸ்டத்துல மாத்தலை” என்று ரிசப்ஷன் தம்பி புது பில் போட்டுக் கொடுத்தார். கோயம்பேடு, வடபழனி பக்கம் வேலை என்றால் மெட்ரோ நடக்கிற தூரம்தான்.