199 வெள்ளிக்குப் பச்சைப்பிள்ளை போட்டோ: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மகன் நலமாக இருக்கிறான். இதை எழுதும்போதும் மடியில்தான் கிடக்கிறான். ஒரு கையால் தட்டச்சு செய்வதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவின் பெயரை எழுதப்போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. தெரிந்தும் பயனில்லை. இதற்குள் ஒருமுறை பேஸ்புக் பக்கத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள்.

நாங்கள் கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறோம். எனக்கு வயிற்றில் ஏழாம் மாதம் நடக்கும்போது பேஸ்புக்கில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரு பச்சைப்பிள்ளை இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, உள்ளங்கைகளில் தாடையை வைத்துக்கொண்டு தூங்குகிறது. தவளை உட்கார்ந்திருப்பது போல இருப்பதால் அதற்கு ஃபிராகி போஸ் என்றே பெயர். 199 வெள்ளி (ரிங்கிட்), ஒரு மணி நேரம், மூன்று உடை. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் வேறெதுவும் ஓடவில்லை. அன்றைக்கே 100 வெள்ளி முன்பணம் கட்டினேன்.

பிள்ளை பிறந்து 14 நாளுக்குள் வந்துவிட வேண்டும் என்றார்கள். அதில் பொய் இல்லை. முதல் இரண்டு வாரத்தில்தான் பிள்ளைகள் ஆழ்ந்து தூங்குவார்கள், வயிற்றுக்குள் இருந்தது போலவே சுருண்டுகொள்வார்கள். ஆனால் அந்தக் கெடுவை வைத்துத்தான் நம்மை விரட்டுகிறார்கள். மகனுக்கு மஞ்சள்காமாலை வந்து இரண்டு நாள் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். தேதி மாற்ற 80 வெள்ளி என்று பதில் வந்தது. "முப்பது கும்பிடாத பிள்ளைய எங்கடி தூக்கிட்டுப் போற?" என்று அம்மா வாசலிலேயே மறித்தார், முப்பதாம் நாள் சடங்குக்கு முன் பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாதாம். காரில் ஏறிய பிறகு அதைச் சொல்லிச் சிரித்தோம், நானும் என் கணவரும்.

பன்னிரண்டாம் நாள். பழைய கிள்ளான் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. தையல் போட்ட உடம்போடு படியேறினேன். உதவிக்கு ஒரு பெண் இருப்பார் என்று வாட்சாப்பில் எழுதியிருந்தார்கள், இல்லை. ஒரே ஒரு தம்பி, கழுத்தில் கேமராவோடு. அவருக்கு வேர்க்கிறது என்று ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. உடுப்பைக் கழற்றிய பிள்ளைக்கு அறையே கதகதப்பாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு சின்ன ஹீட்டரைப் பிள்ளையின் முதுகுக்கு ஒரு முழ தூரத்தில் வைத்து, சூட்டை நேராக அதன்மேல் அடிக்கவிட்டிருந்தார்.

அவர் அலமாரியைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. எங்கள் பாட்டியின் இரும்புப் பெட்டி வாடை. பாச்சை உருண்டை! கடையில் மலாயில் உபாட் கெகாட் என்று கேட்டால் தருவார்களே, அதுதான். அந்தத் துணியில்தான் என் மகனைச் சுற்றிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "பூச்சி அரிக்காம இருக்கத்தான்க்கா, எல்லாம் வெளிநாட்டுத் துணி" என்றார்.

மலேசியாவில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற என்சைம் போதுமான அளவு இருக்கிறதா என்று பரிசோதனை செய்கிறார்கள். பலர் அதைக் கிளினிக் புத்தகத்தில் ஒரு வரியாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். என் மகனுக்கு அந்த என்சைம் குறைவு. சிவப்பணுவைக் காக்கும் என்சைம் அது. அது குறைந்த உடம்பில் பாச்சை உருண்டையின் நாப்தலின் மூச்சு வழியாகவோ தோல் வழியாகவோ ஏறினால் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் கிடுகிடுவென்று கூடும். மிகவும் கூடினால் மூளையையே தாக்கும். மருத்துவமனையில் கொடுத்த தவிர்க்க வேண்டியவை பட்டியலில் பாச்சை உருண்டை இருக்கிறது. பிள்ளையின் துணியோடு அதைப் போட்டு வைக்கக் கூடாது என்று தாதி தனியாகவும் சொன்னார். துணியை உருவச் சொன்னேன். பையில் அம்மா வைத்துவிட்டிருந்த பழைய கைலித்துணியை விரித்து அதில் கிடத்தினேன். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். கட்டிய காசு மனத்தை இழுத்தது, வேறென்ன.

துணியை உருவியபோதுதான் காலைப் பார்த்தேன். முட்டியை மடித்து, பாதத்தை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார். இரண்டு பாதமும் நாவற்பழ நிறத்தில் இருந்தன. "குளிருதுக்கா." பிறகு எதற்குத் தம்பி ஏர்கோன்? தேய்த்துவிட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தன.

அப்புறம் அந்தத் தவளைப் படம். பீன்பேக்கின்மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு, முழங்கையை ஊன்றி, தாடையைக் கைமேல் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுத்தார்! தலை பக்கவாட்டில் சரிந்தது. மறுபடி வைத்தார், இந்தமுறை முன்பக்கம் கவிழ்ந்து தாடை நெஞ்சில் இடித்தது. "க்கூ" என்று ஒரு சின்னச் சத்தம், அதன்பின் சத்தமே இல்லை. இரண்டு நொடி இருக்கலாம். என் கணவர் ஒரே எட்டில் போய்த் தூக்கிவிட்டார். தூக்கியதும் வீறிட்டு அழுதான், அந்த அழுகையைப் போல் இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. "ரிலாக்ஸ்க்கா, நூறு பிள்ளைங்கள எடுத்திருக்கேன், ரப்பர் மாதிரி வளையும்" என்றார் அந்தத் தம்பி.

கிளம்பினோம். மீதி 99 வெள்ளியைக் கட்டாமல் போகக் கூடாது என்று கதவருகே நின்று பேசினார். அதுவரை எடுத்தவற்றில் ஐந்து படம்தான் பேக்கேஜில் சேருமாம், அதற்குமேல் படத்துக்கு 35 வெள்ளியாம். இது விளம்பரத்தில் இல்லை. நான் பிள்ளையோடு படியிறங்கிவிட்டேன். என் கணவர் கட்டிவிட்டு வந்தார், சண்டை வேண்டாமென்று. மூன்று நாள் தொடர்ந்து கிளினிக்கில் குதிகாலில் குத்தி மஞ்சள் அளவு பார்த்தோம். நல்லவேளை, ஏறவில்லை.

வீட்டுக்கு வந்த இரவு தூக்கம் வராமல் விளம்பரப் படத்தைக் கூகள் லென்சில் போட்டேன். ஆஸ்திரேலியாவில் யாரோ ஒரு பெண் எடுத்த படம். மூலையிலிருந்த அவருடைய பெயரை வெட்டிவிட்டு இவர்கள் தங்கள் சின்னத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

என் உடன்பிறந்த தம்பியின் நண்பர் ஒருவர் பல வருடமாகப் பிள்ளைப் படம் எடுப்பவர். அவர் விளக்கியபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. தவளைப் படம் ஒரே படம் இல்லை. ஒரு படத்தில் உதவியாளர் பிள்ளையின் உச்சந்தலையை விரல்நுனிகளால் பிடித்திருப்பார். அடுத்ததில் மணிக்கட்டுகளைக் கைகளோடு சேர்த்துப் பிடித்திருப்பார். இரண்டையும் போட்டோஷாப்பில் இணைத்து விரல்களை அழித்துவிடுவார்கள். ஒரு நொடிகூட பிள்ளை தன் தலையைத் தானே தாங்குவதில்லை, தாங்கவும் முடியாது. உடல் நீளத்தில் கால்வாசி தலைதான், அதைப் பிடிக்கக் கழுத்தில் வலு கிடையாது. தாடை நெஞ்சில் மடங்கினால் மூச்சுப்பாதை அடைபட்டுவிடலாம். மரக்கிளையில் துணித்தொட்டில் தொங்கும் படமும் அப்படித்தான். பீன்பேக்கில் கிடத்தி எடுத்து, கிளையைப் பிறகு ஒட்டுகிறார்கள். அந்த ஸ்டூடியோத் தம்பி முடிந்த படத்தை மட்டும் பார்த்திருக்கிறார். அது எப்படி வந்தது என்று தெரியாமல் உயிருள்ள பிள்ளையை அதற்குள் மடக்கப் பார்த்திருக்கிறார். எனக்கு இதுதான் ஆறவே இல்லை. காசு போனதுகூட அப்புறம்தான்.

ஆகவே எங்கேயாவது புக் செய்வதாக இருந்தால், தவளைப் படத்தை எப்படி எடுப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். "இரண்டு படமாக எடுத்து இணைப்போம்" என்று உடனே சொல்லாதவரிடம் போக வேண்டாம். எடிட் செய்யாத மூலப்படத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதில் யாருடைய கையாவது தெரிய வேண்டும். கேமரா பிடிப்பவரைத் தவிர பிள்ளைமேல் கை வைத்திருக்க இன்னொருவர் உண்டா? திடுக்கிட்டால் பிள்ளை கை காலை உதறும், அந்த ஒரு உதறல் போதும் உருண்டு விழ. வாளி, கூடை என்று எதில் உட்கார வைத்தாலும் அடியில் கனம் வைத்திருக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரம் என்றால் வேண்டவே வேண்டாம். துணிகளை எதில் துவைக்கிறார்கள், எதோடு வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பிள்ளையைத் தொடப்போகிறவர்களிடம், கக்குவான் இருமல் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று நான் இப்போது கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பணத்தைப் பற்றி. "முன்பணம் திருப்பித் தரப்படாது" என்று ரசீதில் அச்சடித்திருக்கிறது, அதோடு விட்டுவிடாதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், அதாவது திரிபியூனல் துந்துத்தான் பெங்குனாவில், மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். இரு பக்கமும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, நாமே போய்ப் பேச வேண்டும். இணையத்திலேயே மனுப் போட்டேன், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே.

மனுவின் பிரதி போய்ச் சேர்ந்த மறுநாளே அந்தத் தம்பி 100 வெள்ளியைப் போட்டுவிட்டு, "கேஸ வாபஸ் வாங்கிடுங்கக்கா" என்று குரல் செய்தி அனுப்பினார். இன்னும் 99 பாக்கி இருக்கிறது என்று பதில் போட்டேன். விசாரணை அடுத்த மாதம். வாட்சாப்பில் பேசியது எல்லாவற்றையும் அச்செடுத்திருக்கிறேன், 37 பக்கம் வந்தது. ஆஸ்திரேலியப் படத்தையும் இவர்கள் விளம்பரத்தையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக ஒட்டி, அதை மேலே வைத்திருக்கிறேன்.