பூலாம்பட்டி நீர்ப்பரப்பில் நாசில் பொருத்திய புரொப்பல்லர்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மேட்டூருக்குக் கீழே, பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே கதவணையால் தேங்கி நிற்கும் காவிரியில், ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் தீவன மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் தட்டை அடி இரும்புப் படகு ஒன்றைப் பல ஆண்டுகளாக இயக்கி வருகிறேன். தொடக்கத்தில் அதில் திறந்த புரொப்பல்லர், அதாவது இறகு போன்ற அலகுகள் சுழன்று நீரைப் பின்னே தள்ளும் உந்தி, இருந்தது. பிறகு அதைச் சுற்றி நாசில் எனப்படும் வளையக் கூட்டைப் பொருத்தினோம். உறவினரின் சிறிய ஃபைபர் படகில் உள்ள ஜெட் அவுட்போர்டையும் (படகின் பின்புறம் வெளியே மாட்டி, நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் இன்ஜின்) நெடுநாள் ஓட்டியிருக்கிறேன். சுமைப்படகுக்கு நாசில் வாங்க எண்ணுவோர் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இவ்விரண்டின் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

ஒரே அளவு உந்துவிசையை நிறைய நீரை மெதுவாகத் தள்ளியும் பெறலாம், கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளியும் பெறலாம். முதல் வழியில் வீணாகும் ஆற்றல் குறைவு என்பது 1865இல் ஸ்காட்லாந்துப் பொறியியலாளர் ராங்கின் வகுத்த கணக்கிலிருந்தே அறியப்பட்டது. ஆகவே புரொப்பல்லரின் விட்டம் பெரிதாக இருப்பதே நல்லது. ஆனால் கதவணை திறக்கப்பட்டு, நீர் இறங்கிப் பாறைகள் தலைகாட்டும் நாள்களில் எங்கள் படகின் அடியில் விட்டத்தைக் கூட்ட இடம் ஏது? நாசிலின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

ஜெர்மானியரான லுட்விக் கோர்ட் 1930களில் பரவலாக்கிய இந்த வளையத்தின் குறுக்குவெட்டு விமான இறக்கையைப் போன்றது. முன்புறம் அகன்று பின்னோக்கிக் குறுகுவதால் புரொப்பல்லருக்குள் நுழையும் நீர் விரைவுபடுகிறது. அந்த ஓட்டத்தால் வளையமே தனியாக ஒரு முன்விசையைத் தருகிறது. நின்ற நிலையிலும் மெதுவான ஓட்டத்திலும், அதே இன்ஜினில் ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம் வரை கூடுதல் இழுவிசை கிடைக்கும் என்பது கப்பல் பொறியியலில் ஏற்கப்பட்ட அளவு. முழுச் சுமையோடு நீரோட்டத்தை எதிர்த்துக் கரையை விட்டுக் கிளம்பும்போது இந்த வேறுபாட்டை எங்கள் படகில் தெளிவாக உணர்ந்தோம். வெறும் படகாகத் திரும்பும்போது எந்த ஆதாயமும் தெரியவில்லை. ஏறத்தாழ 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் வளையத்தின் இழுவைத் தடையே ஆதாயத்தைத் தின்றுவிடும் என்பதால், விரைவுப் படகுக்கு இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நாசில் வாங்குவதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. அலகின் நுனிக்கும் வளையத்தின் உட்சுவருக்கும் இடையிலான இடைவெளி விட்டத்தில் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால்தான் நுனியைச் சுற்றி நீர் நழுவாது. அதாவது 500 மில்லிமீட்டர் புரொப்பல்லருக்கு 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக. ஷாஃப்டின் பின்பக்க ரப்பர் பேரிங் மணலால் தேய்ந்து ஷாஃப்ட் சற்றே இறங்கினாலும் அலகு வளையத்தை உரசத் தொடங்கிவிடும். திறந்த புரொப்பல்லரில் ஒரு பருவம் தள்ளிப்போடக்கூடிய பேரிங் வேலையை நாசிலில் தள்ளிப்போடவே கூடாது. அலகு நுனி சுழலும் பட்டையில் காவிடேஷனால், அதாவது நீரில் தோன்றும் ஆவிக் குமிழிகள் உடைந்து தாக்குவதால், இரும்பு குழிகுழியாக அரிக்கப்படும் என்பதால், அந்த அகலத்துக்கு மட்டும் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைப் பற்றவைத்து லேத்தில் கடைந்துகொள்வது மிக அவசியம். புரொப்பல்லரின் வடிவமும் மாற வேண்டும். நுனி குறுகிய சாதாரண அலகை நாசிலுக்குள் மாட்டுவது செலவை வீணாக்குவதாகும். நுனி அகன்று வெட்டப்பட்ட கப்லான் வகை அலகே இதற்கு உரியது. கோவைப் பவுண்டரிகளில் மாதிரி கொடுத்தால் கன்மெட்டல் என்னும் வெண்கல வகையில் நேர்த்தியாக வார்த்துத் தருகிறார்கள்.

பின்னோக்கி இயக்கும்போது இருக்கும் குறையை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. நெதர்லாந்தின் வாகனிங்கன் சோதனைக்கூடத்தில் உருவான 19ஏ என்னும் வடிவமே எங்கும் அதிகம் செய்யப்படுகிறது. அதன் பின்விளிம்பு மெலிந்தது. ரிவர்ஸ் போட்டால் நீர் அந்த விளிம்பை ஒட்டி நுழையாமல் பிரிந்துவிடுகிறது; படகை நிறுத்தும் பின்விசை குறைகிறது. அதனால் படித்துறையை நெருங்குகையில் வேகத்தை முன்னைவிட வெகு முன்கூட்டியே குறைக்க வேண்டியிருக்கிறது. பின்விளிம்பு தடித்த 37 என்னும் வடிவம் முன்விசையில் சிறிது இழந்தாலும் ரிவர்ஸில் நன்றாகப் பிடிக்கும். கரைக்குக் கரை அடிக்கடி நிறுத்தும் படகுக்கு அதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

ஜெட்டின் கதை வேறு. நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளுக்காக 1950களில் பில் ஹாமில்டன் மேம்படுத்திய முறை அது. "ஜெட்டுன்னு பேரு பெருசா சொன்னாலும், உள்ள இருக்கறது நம்ம பம்புதானுங்க" என்று கோவையில் இம்பெல்லர் (ஜெட்டின் உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) கடைந்து கொடுத்தவர் சொன்னது முற்றிலும் சரி. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அலகு இல்லாததால் முழங்கால் ஆழத்தில் பாறைமேலும் போகலாம். நீரில் இறங்கி வலை இழுப்பவர் அருகில் செல்லவும் அச்சமில்லை. ஆனால் அவுட்போர்டில் ஜெட் மாட்டினால் இன்ஜின் திறனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். ஆகாயத்தாமரை உறிஞ்சுவாயின் கம்பிவலையை அடைத்தால் நடு ஆற்றில் விசை அறவே நின்றுபோகும். மணல் இம்பெல்லரின் விளிம்பைத் தேய்த்த பிறகு எரிபொருள் செலவு கூடிக்கொண்டே போகும். சுமை குறைவான மீட்புப் படகுக்கும் ரோந்துப் படகுக்கும் ஜெட் சிறந்தது. மூட்டை ஏற்றும் படகுக்கு உதவாது.

செங்குத்து அலகுகள் வட்டமாகச் சுற்றி எத்திசையிலும் விசை தரும் வாய்த் ஷ்னைடர் அமைப்பும், முழு வட்டம் திரும்பும் அசிமுத் உந்தியும் துறைமுக இழுவைக் கப்பல்களில் அருமையாகப் பயன்படுகின்றன. ஆனால் அவற்றின் விலையும் பல்சக்கர அமைப்பும் நம் ஆற்றுப் படகின் அளவுக்கு ஒத்துவராதவை.

எங்கள் நாசிலின் எஃகுப் பட்டை மெலிந்துவிட்டது. அடுத்துப் பொருத்தப்போவது 37 வடிவம். ரப்பர் பேரிங்கைக் கழற்றாமலே இடைவெளியை அளக்க வளையத்தின் மேற்புறத்தில் மூடியுடன் கூடிய துளை ஒன்றும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.