வள்ளுவருக்கு என்ன உடை? கட்சிகளும் பழமையும்

தமிழ்நாட்டில் பழமையே வேண்டாம் என்று சொல்லி ஓட்டு கேட்கும் பெரிய கட்சி எதுவும் இல்லை. பகுத்தறிவுப் பரம்பரை என்று சொல்லிக்கொள்ளும் திமுகதான் 1970களில் சென்னையில் கல்லிலேயே ஒரு தேரைக் கட்டியது. திருவாரூர்த் தேரின் சாயலில் எழுந்த வள்ளுவர் கோட்டம் அது. தேர் கோயிலுடையது, உள்ளே வீற்றிருப்பவர் மட்டும் வள்ளுவர். அந்தக் கட்சியின் வழியைப் புரிந்துகொள்ள இதுவே போதும்: வடிவம் இருக்கட்டும், சாமியை மாற்று.

திமுக கடந்த காலத்தை நடுவில் வெட்டுகிறது. சங்கப் பாட்டும் குறளும் சிலம்பும் நம்முடையவை, புராணமும் சாதிச் சடங்கும் பின்னால் வந்து ஒட்டியவை என்பது கணக்கு. வெட்டு எப்போதும் நேராக விழுவதில்லை. 'கம்பரசம்' எழுதிக் கம்பனைக் கிழித்த அண்ணா முதல்வராக இருந்தபோதுதான், 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் கம்பருக்கும் சிலை எழுந்தது. இப்போது சிலையோடு செங்கல்லும் பானை ஓடும் சேர்ந்துகொண்டன. கீழடியில் 2023இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். தமிழ் நிலத்தில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று 2025 ஜனவரியில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். மண்ணைத் தோண்டிப் பேசுவது எனக்குப் பிடித்த முறை, மற்றவர்களும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் ஆய்வக முடிவை முதல்வரே மேடையில் அறிவித்துவிட்டால், அப்புறம் சந்தேகம் கேட்பவருக்குத் தமிழ்ப் பகைவர் பட்டம் கிடைக்க எவ்வளவு நேரமாகும்?

பாஜக வெட்டுவதில்லை, தைக்கிறது. 2022இல் காசி தமிழ்ச் சங்கமம், 2023இல் புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல். தமிழ்ப் பழமை அவர்களுக்குத் தனி மரம் அல்ல, பாரத ஆலமரத்தின் ஒரு விழுது. இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய்வந்த தலைமுறைகள் நம் வீடுகளிலேயே உண்டு. சிக்கல், தைக்க வராத துணிக்குச் சாயம் போடும்போதுதான். எந்தச் சமயத்தின் பெயரும் சொல்லாத குறளின் ஆசிரியருக்கு 2019இல் காவி உடுத்தினார்கள். சரி, அரசு ஏற்ற வெள்ளுடை வள்ளுவரும் இருபதாம் நூற்றாண்டு ஓவியர் வரைந்தவர்தானே? ஆமாம். இரண்டு கட்சிக்கும் வள்ளுவரின் முகம் தெரியாது.

இரண்டு போக்கும் நேருக்கு நேர் நின்றது 2025 ஜூலையில், கங்கைகொண்ட சோழபுரத்தில். ராஜேந்திர சோழனின் ஆடித் திருவாதிரையை மாநில அரசும் கொண்டாடியது, மத்திய அரசும் கொண்டாடியது. பிரதமர் மோடி கலசத்தில் கங்கை நீரோடு கோயிலுக்கு வந்தார், நினைவு நாணயம் வெளியிட்டார். ஒரு மேடையில் அவன் சிவபக்தன், பாரதத்தின் பேரரசன். இன்னொன்றில் கடல் கடந்த தமிழன், சோழகங்கம் ஏரி வெட்டியவன். மன்னன் ஒருவன்தான். பிராமணர்களுக்குச் சோழர்கள் கொடுத்த பிரமதேய நிலங்களைப் பற்றி இரண்டு மேடைக்குமே பேச விருப்பமில்லை.

அதிமுகவுக்கு இந்த விஷயத்தில் பெரிய தத்துவம் கிடையாது. எம்ஜிஆர் 1981இல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தந்தார், ஜெயலலிதா கோயில்களில் அன்னதானம் போட்டார். மக்கள் செய்வதை அப்படியே செய்யவிடுவது அவர்கள் பாணி. எப்போதும் அப்படி என்றும் சொல்ல முடியாது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடத் தடை போட்டு, எதிர்ப்பு வந்ததும் 2004இல் விலக்கிக்கொண்டதும் ஜெயலலிதாதான்.

புத்தாண்டு விவகாரத்தில் அந்தப் பாணிக்குப் பலன் கிடைத்தது. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் திமுக சட்டம் போட்டது. 2011இல் ஜெயலலிதா அதை ரத்து செய்து சித்திரைக்கே திருப்பினார். நடுவில் இருந்த அந்தச் சில ஆண்டுகளிலும், சட்டம் என்ன சொன்னாலும், சித்திரை ஒன்றாம் தேதி எங்கள் வீட்டில் வேப்பம்பூப் பச்சடி வைத்துக்கொண்டுதான் இருந்தோம்.