மாத இதழிலிருந்து பதிப்பகத்துக்கு: சிவகாசியா, பி.ஓ.டி.யா, சென்னையா?

இதழ் நடத்துகிறவருக்குச் சந்தா முன்கூட்டியே வந்துவிடுகிறது. புத்தகத்தில் தாளுக்கும் அச்சுக்கும் முதலில் கொட்டிவிட்டு, கடைக்காரர் தம் கழிவு (விற்பனைத் தள்ளுபடி) போகத் தரும் தொகைக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே, பாளையங்கோட்டையில் இதழ் நடத்திக்கொண்டே பதிப்பகம் தொடங்க நினைப்பவர், எந்த வழியில் பணம் எத்தனை காலம் முடங்கும் என்றே முதலில் பார்க்க வேண்டும்.

சிவகாசி ஆஃப்செட்டில் ஆயிரம் படி அடித்தால் அடக்கவிலை வெகுவாகக் குறையும். இந்தக் கணக்கில் மயங்காதவர் குறைவு. விற்காத கட்டுகளை எங்கே அடுக்குவது? சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் நடப்பதால் அச்சுவேலை மழைக்காலத்தில்தான் குவிகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நெல்லையில் தரைத்தளக் கிடங்கை நம்ப எனக்குத் துணிச்சல் இல்லை. பொது நூலகங்களுக்கு அரசு நூல் வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் கட்டுகள் கரையும். கிடைக்குமென்று நம்பி அடிப்பது சூதாட்டம்.

பி.ஓ.டி.யில், அதாவது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில், ஐம்பது படி போதும். படிக்கு ஆகும் செலவு கூடுதல். கடைக்குக் கழிவு கொடுத்தால் மிச்சம் நிற்காது. ஆனால் இதழ்க்காரரிடம் சந்தாதாரர் முகவரிகள் இருக்கின்றனவே! புதிய பதிப்பாளர் யாருக்கும் வாய்க்காத மூலதனம் அது. முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்து, பணம் கட்டியவர்களுக்கு மட்டும் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினால் கழிவும் கிடங்கும் இல்லை. இதழுக்குள்ள அஞ்சல் சலுகை நூலுக்குக் கிடையாது என்பதால் தபால் செலவை விலையிலேயே சேர்க்க வேண்டும். தொடக்க நூல்களுக்கு என் வாக்கு இதற்கே.

சென்னைப் பதிப்பாளரிடம் நூலைக் கொடுத்தால் கைக்காசு போகாது. பதிப்பகப் பெயரும் நமக்குச் சேராது.

இதழும் பதிப்பும் சேர்ந்து நடப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பக்கத்து நாகர்கோவிலில் காலச்சுவடு இதழ் 1988இல் தொடங்கியது, பதிப்பகம் 1995இல் வந்தது. 1920இல் நெல்லையில் பிறந்த சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகமோ பதிப்பில் தொடங்கி, 1923இல் செந்தமிழ்ச் செல்வி இதழைக் கொண்டுவந்தது.

எந்த வழியானாலும் நூலுரிமையைக் கவனிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, தனி ஒப்பந்தம் இல்லையென்றால், இதழின் சம்பள ஊழியர் எழுதியதில்கூட இதழில் வெளியிடும் உரிமை மட்டுமே உரிமையாளருக்கு. நூலாக்கும் உரிமை எழுதியவருக்கே. தொடரின் முதல் அத்தியாயம் அச்சேறும்போதே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடலாம். தொடர் பேர் வாங்கிய பிறகு கேட்கப் போனால், சென்னைக்காரர் ஒருவர் முன்பணம் கொடுத்து முந்தியிருப்பார்.