வாக்யூ வளர்க்கலாமா, பிராமன் போதுமா?

சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் எங்கள் குடும்பம் மாட்டிறைச்சி விற்பது இது மூன்றாவது தலைமுறை. விற்றுத்தான் பழக்கம், வளர்த்ததில்லை. ஆனால் மலேசியாவின் ஜொகூரில் குளுவாங் பக்கம் சின்னதாகச் செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனர் மாடு வளர்க்க முடிவு செய்துவிட்டார். "மச்சான், வளர்க்கிறதுதான் வளர்க்கிறோம், வாக்யூவாவே வளர்த்தா என்ன?" என்று நோன்புப் பெருநாள் அன்று கேட்டார். விலையைப் பார்த்தால் யாருக்கும் அந்த ஆசை வரும். அன்றிலிருந்து பண்ணைக்காரர்கள், இறக்குமதி செய்பவர்கள் என்று பலரிடம் விசாரித்து, கிடைத்ததைப் படித்து, வாக்யூவா, வெயில் தாங்கும் பிராமன் இன மாடா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வாக்யூ என்ற சொல்லுக்கு ஜப்பானிய மாடு என்றுதான் பொருள். அதில் நான்கு இனங்கள் உண்டு. பத்தில் ஒன்பதுக்கு மேல் கறுப்பு இனம். இறைச்சிக்குள் வலைபோல ஓடும் கொழுப்பு வரிதான் இதன் பெருமை. ஆனால் நாம் கொடுக்கும் விலை இனத்துக்கு மட்டுமல்ல, நாட்களுக்கும் சேர்த்துத்தான்.

ஜப்பானில் கன்று ஒன்பது, பத்து மாதத்தில் ஏலத்துக்கு வரும். வாங்கியவர் இன்னும் 20 மாதம் தொழுவத்தில் வைத்து ஊட்டுவார். கிட்டத்தட்ட 30 மாதத்தில்தான் அறுப்பு. ஆஸ்திரேலியாவில் சாதாரண மாட்டுக்கு 100 நாள் தானியம் ஊட்டினாலே 'தானியம் ஊட்டியது' என்று விற்கலாம். அங்கேயே வாக்யூவுக்கு 350, 400 நாள் ஊட்டுகிறார்கள். ஒரு மாடு நாளுக்கு 9 கிலோ தின்கிறது என்று வையுங்கள். 100 நாளுக்கு 900 கிலோ, 400 நாளுக்கு 3,600 கிலோ. இத்தனை தின்றும் வாக்யூ மெதுவாகத்தான் எடை போடும். தானியத் தொழுவத்தில் ஆங்கஸ் இன மாடு நாளுக்கு ஒன்றரை கிலோ ஏறும். வாக்யூ ஒரு கிலோவைத் தொடுவதே பெரிது.

மைத்துனரின் மனத்தை மாற்றியது வேறொரு விஷயம். வைட்டமின் ஏ அதிகமானால் தசைக்குள் கொழுப்பு சேர்வது குறையும். அதனால் கொழுக்க வைக்கும் நடுக்கட்டத்தில் அந்த வைட்டமின் கிடைக்கும் பச்சைப் புல்லைக் குறைத்து, வைக்கோலும் தானியமுமாகக் கொடுப்பார்கள். அளவு கொஞ்சம் தப்பினால் மாட்டுக்குக் கண் போகும், மூட்டு வீங்கும். அனுபவமுள்ள ஜப்பானியப் பண்ணையாளர் இதை நாள் கணக்காக, மாட்டின் முகத்தைப் பார்த்தே செய்வார். புதிதாகத் தொடங்கும் ஒருவர் ஒரு வாயில்லா ஜீவன் மேல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது மட்டுமல்ல, குளுவாங்கில் செம்பனை மரங்களுக்கு அடியில் வருடம் முழுக்க இலவசமாகக் கிடைப்பதே பச்சைப் புல்தான். அந்தப் புல்லை மாட்டின் கண்ணில் காட்டாமல் வைத்துவிட்டு, தானியத்தையும் வைக்கோலையும் காசு கொடுத்து வாங்குவதா?

சரி, பிராமனுக்கு வருவோம். பெயர் அமெரிக்கப் பெயர் என்றாலும் ரத்தம் நம் பக்கத்து ரத்தம். கீர், காங்க்ரேஜ், ஓங்கோல் போன்ற இந்திய மாடுகளைக் கலந்து அமெரிக்காவில் உருவாக்கியது. (பிரேசிலின் மேய்ச்சல் நிலங்களை நிறைத்திருக்கும் நெலோரே மாட்டின் பெயரும் நம் நெல்லூரிலிருந்து போனதுதான். இதைப் படித்தபோது உண்மையிலேயே பெருமையாக இருந்தது.) திமில், தொங்கும் தளர்ந்த தோல், நன்றாக வியர்க்கும் உடம்பு. வெயில் ஏறினால் மற்ற மாடுகள் தீவனத்தை விட்டு நிழலுக்கு ஓடும்போது இது மேயும். உண்ணியும் அவ்வளவாக அண்டாது.

குறை உண்டு, மறைக்க மாட்டேன். இறைச்சி கொஞ்சம் கடினம். அறுத்த பிறகு தசையை இளக வைக்கும் நொதியைத் தடுக்கும் பொருள் இந்த இனத்தில் கூடுதல். ஸ்டேக் போடுகிறவர் முகம் சுளிப்பார். ஆனால் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ரெண்டாங்குக்கு, பிரியாணிக்கு, தால்சாவுக்கு. இரண்டு மணி நேரம் அடுப்பில் கிடந்து சாறு இறங்க வேண்டிய கறி அது. வாக்யூவை அப்படி வேக வைத்தால் காசு கொடுத்த கொழுப்பெல்லாம் எண்ணெயாக மேலே மிதக்கும்.

மலேசியாவின் உள்ளூர் இனமான கெடா கிளந்தான் மாட்டையும் சொல்லிவிடுகிறேன். சின்ன உருவம், இறைச்சி குறைவு. ஆனால் சுமாரான தீனியிலும் தவறாமல் ஈனும்.

வாக்யூ, பிராமன் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பிராமன் கலப்புப் பசுவுக்கு வாக்யூ சினை ஊசி போடுவது. வாக்யூ கன்று எடை குறைவாகப் பிறக்கும், முதல் ஈற்றுக் கிடேரிக்கும் சிரமம் இருக்காது. கொழுப்பு வரியும் ஓரளவு கூடும். ஆனால் 1997க்குப் பிறகு ஜப்பான் வாக்யூவின் உயிருள்ள மாட்டையோ விந்தையோ வெளியே விடவில்லை. அதற்கு முன் போன கொஞ்ச மாடுகளின் வம்சம்தான் உலகெங்கும் சுற்றுகிறது. அதனால் ஊசி வாங்கும்போது வம்சப் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். தரம் பிரித்துச் சான்று தருகிறவர் இல்லாத இடத்தில் அந்தக் கலப்பு மாடு சாதாரண விலைக்குத்தான் போகும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

"உன் கடையிலயே வித்துடலாமே" என்றார் மைத்துனர். அது நடக்காது. சிங்கப்பூர் உணவு அமைப்பு அங்கீகரித்த இடங்களிலிருந்துதான் இங்கே இறைச்சி வர முடியும், ஹலால் சான்று தனி. அவருடைய சந்தை ஜொகூர்தான். அங்கே ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கு ஒரு மாட்டில் ஏழு பங்கு. மாட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும், குறையில்லாமல் இருக்க வேண்டும். கொழுப்பு வரியை அங்கே யாரும் கேட்பதில்லை.

அதனால் நான் சொன்னது இதுதான்: பத்துப் பிராமன் கலப்புப் பசு, செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, மரத்தடிப் புல். இரண்டாவது ஈற்றில் இரண்டு பசுவுக்கு மட்டும் வாக்யூ ஊசி போட்டுப் பார்க்கட்டும். அரை மனதாகத்தான் தலையாட்டினார். அடுத்த வாரம் பசு பார்க்கப் போகிறோம்.