குழந்தை வந்த வீட்டில் எந்தக் கடனை முதலில் அடைப்பது?

குழந்தை பிறந்த முதல் வருடத்தில் செலவு ஏறுகிறது. ஒருவர் விடுப்பில் இருப்பதால் வரவு பெரும்பாலும் இறங்குகிறது. கடன் தவணை மட்டும் பழைய தேதியிலேயே வந்து நிற்கிறது. கடனை அடைக்கும் வழி என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் மொத்த வட்டியைக் குறைப்பதையே குறியாக வைக்கின்றன. கைக்குழந்தை உள்ள வீட்டில் அதைவிட முதலில் பார்க்க வேண்டியது, மாதாமாதம் கட்டியே தீர வேண்டிய தொகை எவ்வளவு என்பதுதான் என்பது என் கட்சி. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு வீட்டில் மூன்று கடன்கள். கிரெடிட் கார்டில் 60,000 நிலுவை, மாதம் 3 சதவீத வட்டி, மாதம் 3,000 கட்டுகிறார்கள். வண்டிக் கடனில் 24,000 பாக்கி, வருடத்துக்கு 12 சதவீத வட்டி, மாதத் தவணை 4,000. உறவினரிடம் வாங்கிய கைமாற்று 15,000, வட்டியில்லை, கெடுவும் இல்லை. இவை போக மாதம் இன்னொரு 4,000 ஒதுக்க முடிகிறது. அதை எதில் போடுவது?

சின்னக் கடன் முதலில்

கைமாற்றை முடிப்பது. நாலு மாதத்தில் ஒரு பெயர் பட்டியலிலிருந்து போய்விடும், உறவினர் முகத்தைப் பார்க்கக் கூச்சமிருக்காது. இதை வெறும் மனசமாதானம் என்று தள்ளிவிட முடியாது. 2012-இல் டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் என்ற இரு ஆய்வாளர்கள், கடன் தீர்வுத் திட்டம் ஒன்றில் சேர்ந்தவர்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். கணக்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போனவர்களே கடைசிவரை தாக்குப்பிடித்து முழுக் கடனையும் தீர்க்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆனால் நம் கணக்கில் இதற்கு விலை உண்டு. அடுத்த வழியோடு ஒப்பிட்டால் சுமார் 3,800 கூடுதல் வட்டி போகும். அதோடு, கைமாற்றுக்கு மாதத் தவணையே இல்லாததால் அதை முடித்தும் மாதச் சுமை ஒரு பைசா குறைவதில்லை.

பெரிய வட்டி முதலில்

ஒதுக்கிய 4,000-ஐயும் கார்டில் போடுவது. கணக்குப் பாடத்தில் இதற்கே முழு மதிப்பெண். வண்டிக் கடன் தன் போக்கில் ஏழாம் மாதம் முடியும், அதன் தவணையும் சேர்ந்துகொள்ள, ஒன்பதாம் மாதம் கார்டு தீரும். மூன்று வழிகளில் வட்டி மிகக் குறைவாகப் போவது இதில்தான். சம்பளத்தோடு விடுப்பு, இருவர் வேலையும் உறுதி என்றால் வேறு வழியைத் தேடவே வேண்டாம்.

பெரிய தவணை முதலில்

இதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு கடனிலும் பாக்கியைத் தவணையால் வகுத்துப் பாருங்கள். வண்டிக்கு 6, கார்டுக்கு 20. எது சின்ன எண்ணோ அதை முதலில் முடிப்பது. குறைந்த பணத்தில் அதிகத் தவணை விடுபடும் இடம் அதுதான். வண்டிக் கடனுக்கு மாதம் 8,000 போட்டால் மூன்றே மாதத்தில் சில நூறுகள்தான் மிஞ்சும். நாலாம் மாதத்திலிருந்து எல்லாப் பணமும் கார்டுக்கு. கார்டு தீர்வது? அதே ஒன்பதாம் மாதம்தான். இரண்டாவது வழியைவிட அதிகமாகப் போகும் வட்டி மொத்தமே சுமார் 900.

அந்த 900-க்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் விஷயம். நாலாம் மாதம் ஒருவர் சம்பளம் நிற்கிறது என்று வையுங்கள். இரண்டாவது வழியில் போனவர்கள் கார்டுக்கு 3,000, வண்டிக்கு 4,000 என்று 7,000-ஐ இன்னும் மூன்று மாதம் கட்டியே ஆக வேண்டும். ஒன்று தவறினாலும் அபராதம், கடன் வரலாற்றில் கறை. மூன்றாவது வழியில் போனவர்களுக்குக் கட்டாயம் 3,000 மட்டுமே. கார்டு நிலுவை கொஞ்சம் அதிகமாக இருக்கும், அதற்கு வட்டியும் ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் மாதக் கடைசியில் பால்பவுடருக்குக் கார்டைத் தேய்க்க வேண்டியிருக்காது. புதுக் கடன் ஏறாமல் இருப்பது, பழைய கடனில் 900 மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிய லாபம்.

ஒரு எச்சரிக்கை. சில கடன்களில் முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டு. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டுக் கடன் மாதிரி நீண்ட கடன்களுக்கு இந்த வகுத்தல் கணக்கில் பெரிய எண்தான் வரும். அவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

ஒரே கடனாக மாற்றலாமா?

கார்டின் 60,000-க்கு மாதம் 3,000 மட்டும் கட்டிக்கொண்டு போனால் தீர 31 மாதம் ஆகும், வட்டி மட்டும் சுமார் 33,000. அதையே வருடத்துக்கு 14 சதவீதத்தில் இரண்டு வருடத் தனிநபர் கடனாக மாற்றினால் தவணை சுமார் 2,880, மொத்த வட்டி 9,100 சொச்சம். கட்டும் தொகை கிட்டத்தட்ட அதே, வட்டியில் 24,000 மிச்சம். கேட்கவே நன்றாக இருக்கிறது, உண்மையும்கூட.

கோளாறு இரண்டு இடத்தில் வரும். தவணை இன்னும் குறையட்டும் என்று ஐந்து வருடத்துக்கு நீட்டினால் மாதம் 1,400 கட்டினால் போதும், ஆனால் வட்டி 23,700-ஐத் தொட்டுவிடும். அப்புறம், காலியான கார்டு. தள்ளுவண்டி, தொட்டில், துணிமணி என்று வாங்கும் ஆசை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் முழு வரம்போடு ஒரு கார்டு கையில் இருப்பது நல்லதல்ல. வரம்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் மாற்றாதீர்கள்.

புதுக் கடனின் வட்டி எந்த முறையில் என்றும் கேளுங்கள். 1,20,000-ஐ 12 மாதத்துக்கு 10 சதவீத ஃபிளாட் வட்டியில் வாங்கினால் தவணை 11,000. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முதல் நாள் அசலுக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 18 சதவீதம். 10 சதவீத ஃபிளாட் வட்டியைவிட, குறையும் அசலுக்குப் போடும் 14 சதவீத வட்டி மலிவு. தலைகீழாகத் தோன்றும், ஆனால் அதுதான் சரி.

கையிருப்பா, கடனா?

ஆறு மாதச் செலவைச் சேர்த்த பிறகே கடனைத் தொட வேண்டும் என்பார்கள் சிலர். கார்டு வட்டி ஓடும்போது இது கட்டுப்படியாகாது. வங்கியில் போட்ட 60,000-க்கு வருடம் 6 சதவீதம் என்றால் மாதம் 300 வரும். அதே தொகை கார்டில் நிலுவையாக இருந்தால் மாதம் 1,800 போகும். எல்லாவற்றையும் வழித்துக் கடனில் போட்டுவிடுவதும் தப்பு. குழந்தைக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவமனை கேட்பது ரொக்கமாகவும் இருக்கலாம். அவசரத்துக்குக் கார்டு வரம்பு இருக்கிறதே என்றால், அதை வங்கி எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். ஒரு மாத அத்தியாவசியச் செலவைத் தனிக் கணக்கில் வைத்துவிட்டு மிச்சத்தைக் கடனில் போடுவது நடுவழி. கார்டு தீர்ந்த பிறகு அதை மூன்று மாதம், ஆறு மாதம் என்று வளர்க்கலாம்.

பாலிசி விஷயம்

குழந்தை பிறந்த சேதி கேட்டு வருபவர்களில் காப்பீட்டு முகவரும் ஒருவர். அவர் கையில் இருப்பது சேமிப்பும் காப்பீடும் கலந்த, குழந்தையின் பெயர் போட்ட பாலிசி. இதன் பிரீமியமும் இன்னொரு கட்டாயத் தவணைதான். முதல் சில வருடங்களில் கட்ட முடியாமல் விட்டால் திரும்பக் கிடைப்பது கட்டியதைவிட மிகக் குறைவு. சம்பாதிப்பவர் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸ் (குறித்த காலத்துக்குள் அவர் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுத்தால் அதைவிட மிகக் குறைந்த பிரீமியத்தில் அதே காப்பீட்டுத் தொகை கிடைக்கும், முதிர்வுப் பணம் எதுவும் வராது. கடன் உள்ள வீட்டுக்கு இது போதும். படிப்புக்கான சேமிப்பைக் கார்டு தீர்ந்த மாதத்திலிருந்து தொடங்கினால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஆனால் மருத்துவக் காப்பீட்டில் குழந்தையைச் சேர்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பல திட்டங்களில் பிறந்த தேதியிலிருந்து இத்தனை நாள் என்று கெடு இருக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டி வரலாம்.