தருமபுரியில் களப்பணியாளர்களுக்கான ஆறு மாதப் பயிற்சி: கலந்துகொண்டவரின் மதிப்புரை

தருமபுரி மாவட்டத்தில் குழந்தைப் பாதுகாப்புப் பணியில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தக் காலத்தில் நான் சென்ற பயிற்சிகளுக்குக் கணக்கில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், புதிதாக வந்த படிவம், புதிதாக வந்த செயலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. அவை தேவையானவை, அவற்றால் பயனும் அடைந்திருக்கிறேன். ஆனால் ஒரு வீட்டுக்குள் போய் நான் என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன், அது எனக்குள் என்ன செய்தது என்று எந்தப் பயிற்சியும் என்னைக் கேட்டதில்லை. சென்ற ஆண்டு மாதம் ஒரு சனிக்கிழமை வீதம் ஆறு மாதம் தருமபுரியில் நான் சென்ற பயிற்சி அதை மட்டுமே கேட்டது. அதற்குப் போகலாமா என்று சக பணியாளர்கள் பலர் விசாரிப்பதால் இதை எழுதுகிறேன். நடத்துபவர்களின் பெயரை இங்கே தரவில்லை. அந்த அறையில் பேசியதையும் பேசியவர்களையும் அடையாளம் காட்டுவதில்லை என்ற உடன்பாட்டில் நாங்கள் பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டிருக்கிறோம். கீழே வரும் அனுபவங்களில் பிறருடையவற்றை அவர்களின் அனுமதியோடு, ஊரும் அடையாளமும் மாற்றியே எழுதுகிறேன்.

கட்டணம் ஆறு அமர்வுகளுக்கும் சேர்த்து 2,400 ரூபாய், மதிய உணவு உட்பட. காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வந்திருந்தோம்: அங்கன்வாடிப் பணியாளர்கள், சுய உதவிக் குழுக்களை ஒருங்கிணைப்பவர்கள், போதை மீட்பு மையத்தின் ஆற்றுப்படுத்துநர் (ஆலோசகர்), முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒருவர், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்பு ஆசிரியர், என்னைப் போல் குழந்தைப் பாதுகாப்பில் இருப்பவர்கள். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பின்பு இரு பக்கப் பணியாளர்களும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து பேசும் வாய்ப்பு எங்களுக்குக் குறைந்துவிட்டது. பெண்ணாகரத்திலும் தேன்கனிக்கோட்டையிலும் நாங்கள் பார்க்கும் வீடுகள் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பது அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

செய்த வேலையை நாமே யோசித்துப் பார்க்கும் இந்த முறையின் பெயரில்தான் முதல் தடுமாற்றம். கையேட்டில் அதைப் 'பிரதிபலிப்பு நடைமுறை' என்று அச்சிட்டிருந்தார்கள். கண்ணாடியைப் பற்றிய பாடமோ என்று பக்கத்திலிருந்த அக்கா என்னிடம் கேட்டார். இரண்டாவது அமர்விலிருந்து நாங்களாகவே 'திரும்பிப் பார்த்தல்' என்று சொல்லத் தொடங்கினோம், பயிற்றுநரும் அதையே ஏற்றுக்கொண்டார். அடுத்த பதிப்பிலாவது கையேட்டில் இந்தச் சொல் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கோட்பாட்டுப் பகுதி சுருக்கமாக இருந்தது, அது நல்லதே. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசிப்பதும் வேலை முடிந்தபின் யோசிப்பதும் வேறு வேறு திறன்கள் என்று அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-இல் எழுதியதையும், பிரிட்டிஷ் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த ஆறு படிகளையும் அரை மணி நேரத்தில் விளக்கினார்கள். என்ன நடந்தது, என்ன உணர்ந்தோம், எது நன்றாக அமைந்தது எது அமையவில்லை, அது ஏன் அப்படி ஆயிற்று, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வோம் என்பவையே அந்தப் படிகள். ஆனால் இவற்றை ஆறு கட்டங்களாக அச்சிட்ட தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னது தவறு என்று நினைக்கிறேன். படிவம் நிரப்பியே பழகிய கைகள் எங்களுடையவை. கட்டத்தைக் கண்டதும் மேலதிகாரி எதிர்பார்க்கும் வாக்கியங்களைத்தான் எழுதுவோம். முதல் மாதம் நான் எழுதிக் கொடுத்த தாளை இப்போது படித்தால், மாதாந்திர அறிக்கைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை.

இந்தப் பயிற்சியின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர், பொது மருத்துவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, மனதை விட்டு நீங்காத ஒரு நோயாளியைப் பற்றிப் பேசச் சொன்னார். அந்த வழியைத்தான் இங்கே களப்பணிக்கு ஏற்பக் கையாள்கிறார்கள். ஒருவர் தாளையோ பதிவேட்டையோ பார்க்காமல் ஒரு கேஸைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் விவரத்துக்கான கேள்விகளை மட்டும் கேட்கலாம். அதன்பின் சொன்னவர் தம் நாற்காலியை வட்டத்திலிருந்து ஒரு அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வாய் திறக்காமல், மற்றவர்கள் பேசுவதை இருபது நிமிடம் கேட்க வேண்டும். அறிவுரை சொல்லக் கூடாது. அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் என்ன தோன்றியிருக்கும் என்றுதான் பேச வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். எந்தக் கூட்டத்திலும் பேசிப் பேசியே பழகிய எனக்கு அந்த இருபது நிமிட மௌனம் மிகக் கடினமாக இருந்தது.

மூன்றாவது அமர்வில் நான் சொன்னது ஒரு குழந்தைத் திருமணத்தைப் பற்றி. பெண்ணுக்குப் பதினாறு வயது. வெள்ளிக்கிழமை மாலை குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தகவல் வந்தது. ஞாயிறு காலை முகூர்த்தம். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராகவும் இருக்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்குத் தெரிவித்துவிட்டு, வி.ஏ.ஓ., மகளிர் காவலர் ஆகியோருடன் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். பெண்ணுக்குப் பதினெட்டும் ஆணுக்கு இருபத்தொன்றும் நிறைய வேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அதிலுள்ள தண்டனையையும் எடுத்துச் சொல்லி, பதினெட்டு வயது வரை மணம் முடிப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினோம். 'திருமணம் தடுத்து நிறுத்தப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதினேன். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண்ணைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் நடந்துவிட்டாள். அது ஏன் என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி.

சொல்லி முடித்ததும் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆற்றுப்படுத்துநர் கேட்டார்: "மேடம், நீங்க பேசிட்டிருந்தப்ப அந்தப் பொண்ணு எங்க நின்னுட்டிருந்தா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பந்தல்கால் நட்டிருந்த இடம், திண்ணையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள், தாய்மாமன் தோளில் கிடந்த பச்சைத் துண்டு எல்லாம் நினைவில் இருந்தன. அந்தப் பெண் நின்ற இடம் நினைவில் இல்லை. அந்த வீட்டில் ஒன்றரை மணி நேரம் இருந்தேன், உட்காரவே இல்லை, அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டபின், ஓய்வுபெறும் நிலையில் இருக்கும் ஓர் அங்கன்வாடிப் பணியாளர் அந்தப் பெண்ணின் இடத்தில் தம்மை வைத்துப் பேசினார்: "ஒரு வாரமா எல்லாரும் என்னைப் பத்தித்தான் பேசறாங்க. இந்த அக்காவும் வந்து எங்கப்பாகிட்ட பேசிட்டுத்தான் போனாங்க." அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சட்டப்படி அன்று நான் செய்ததில் பிழை எதுவும் இல்லை, அந்தத் திருமணம் நிறுத்தப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த அமர்வுக்கு இரண்டு மாதம் கழித்து வேறோர் ஊரில் இதேபோன்ற வீட்டுக்குப் போனபோது, பெரியவர்களிடம் பேசுவதற்கு முன் பெண்ணோடு தனியே பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். கொல்லைப்புறத்தில் துவைக்கும் கல்லின் மேல் இருவரும் உட்கார்ந்தோம். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இத்தனை நாள் லீவு போட்டதால் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டாள். திருமணம் நிற்குமா என்று அவள் கேட்கவில்லை. மறுநாளே தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசினேன். அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். எனக்குக் கிடைத்த பயன் என்று நான் சொல்லக்கூடியது இதுதான்.

தளி, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குத் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழி. கள வேலையின் பெரும்பகுதியும் அந்த மொழிகளில்தான் நடக்கிறது. நான்காவது அமர்வில் ஒருவர் தமிழில் சொல்லத் திணறியபோது, முதலில் தெலுங்கிலேயே சொல்லுங்கள், பிறகு தமிழில் சொல்லலாம் என்றார் பயிற்றுநர். தெலுங்கில் சொல்லும்போது அந்தப் பெண்மணி அழுதார், தமிழில் சொல்லும்போது அழவில்லை. எங்களில் பாதிப்பேருக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் முதல் முறை கேட்டதுதான் எங்களுக்கு உண்மையாகப் பட்டது. பயிற்றுநரின் தரத்துக்கு இந்த ஒரு முடிவே போதும்.

மேலே குறிப்பிட்ட அங்கன்வாடி அக்கா ஐந்தாவது அமர்வில்தான் தம் கதையைச் சொன்னார். பெற்றோர் கைவிடும் பெண் சிசுக்களை அரசே ஏற்றுக்கொள்ளும், 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தபோது, அவர் கையிலிருந்து ஒரு பெண் சிசு தொட்டிலுக்குப் போனது. அந்தக் குழந்தையின் தாய் அவருடைய தெருவிலேயே இன்றும் இருக்கிறார். இத்தனை ஆண்டுகளாக இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பணியாளர் இதைத் தனியாகவே சுமந்திருக்கிறார் என்றால், நம் பணியமைப்பில் ஏதோ ஒன்று அடியோடு இல்லை என்றுதானே பொருள்?

குறைகளில் முதலாவது கடுமையானது. எல்லோருக்கும் ஒரு லாங் சைஸ் நோட்டு கொடுத்து, இடப்பக்கம் நடந்ததையும் வலப்பக்கம் மனதில் தோன்றியதையும் அன்றன்றே எழுதச் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு; பேருந்தில் திரும்பும்போதே பத்து வரி எழுதிவிட முடிகிறது. ஆனால் உண்மைப் பெயரை எழுதாதீர்கள் என்று முதல் அமர்வில் எவரும் எச்சரிக்கவில்லை. நான் ஒரு குழந்தையின் பெயரையும் ஊரையும் எழுதிவைத்து, அந்த நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் ஊர் ஊராக அலைந்தேன். குழந்தைகளின் அடையாளம் வெளிப்படுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடைசெய்கிறது. தெரிந்தும் எழுதியது என் தவறு, சொல்லாமல் விட்டது அவர்களின் தவறு. இரண்டாவது அமர்வில் நான் கேட்ட பிறகே அந்த விதி வந்தது. இதற்கு மாறாக, ரகசியத்தின் எல்லையைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொன்னார்கள்: குழந்தைமீதான பாலியல் குற்றம் எதுவும் பேச்சில் வெளிப்பட்டால் அது இந்த அறைக்குள் நிற்காது, போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று.

இரண்டாவது குறை, மனம் கலங்கியவர்களை அப்படியே அனுப்பிவிடுவது. தெலுங்கில் பேசிய அந்தப் பெண்மணி நான்கு மணிக்குக் கிளம்பி, இரண்டு பேருந்து மாறித் தனியாகத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார். மறுநாள் ஒரு போன்கூட அவருக்குப் போகவில்லை. பின்வந்த அமர்வுகளில் முடிந்தபின் அரை மணி நேரம் பயிற்றுநர் இருந்தார் என்றாலும் அது போதாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐயாவது கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கலாம்.

சான்றிதழைப் பெரிதாக நம்பி யாரும் போக வேண்டாம். செவிலியர்களுக்கு இருப்பதைப் போல, சமூகப் பணியாளர் அனைவரையும் பதிவு செய்து அவர்களின் தொடர்கல்வியைக் கணக்கில் கொள்ளும் சட்டபூர்வ மன்றம் நம் நாட்டில் இல்லை; ஆகவே அந்தத் தாளால் சம்பளமோ பதவியோ உயராது. இதே பயிற்சியை நிறுவனங்களுக்காக இரண்டு நாளில் சுருக்கியும் நடத்துகிறார்கள். ஓசூரில் அதில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன், பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கேஸைச் சொல்லிவிட்டு, களத்துக்குப் போய், மறுமாதம் திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று சொல்வதில்தான் இந்த முறையின் பயன் இருக்கிறது. இரண்டு நாளில் அதற்கு இடமே இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் ஓராண்டாவது களம் பார்த்தபின் போவது நல்லது. திரும்பிப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா.

மிஞ்சியிருப்பது சனிக்கிழமைப் பிரச்சினை. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் பெண்கள். வாரத்தில் கிடைக்கும் அரை ஓய்வையும் விட்டு, சொந்தக் காசில், வீட்டில் பதில் சொல்லிவிட்டு வந்தோம். அரூர்ப் பக்கத்து மலையிலிருந்து வந்தவர் கடைசி இரண்டு அமர்வுகளுக்கு வர முடியாமல் போனதற்கு இதுவே காரணம். இது வேலையின் ஒரு பகுதி என்றால் வேலை நாளில்தான் நடக்க வேண்டும். மாதம் ஒரு நாளைப் பணிநாளாகக் கணக்கிட்டுக் கட்டணத்தையும் ஏற்க வேண்டும் என்று எங்கள் நிறுவனத்துக்குச் சென்ற வாரம் கடிதம் கொடுத்திருக்கிறேன். அனுமதி கிடைத்தால் அடுத்த குழுவில் எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் சேர்வார்கள். அவர்களுக்காக வாங்கிய நோட்டுகளின் முதல் பக்கத்தில், பெயர் எழுதாதீர்கள் என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.